பார்படாஸில் வாடகைக் கார்: எந்தக் கோளாறுக்கு என்ன செய்வது

பார்படாஸ் தீவின் நீளம் 34 கிலோமீட்டர், அகலம் 23 கிலோமீட்டர். ஒரு டேங்க் பெட்ரோலில் தீவையே சுற்றிவிடலாம் என்று கணக்குப் போட்டுத்தான் எட்டு நாளைக்கு வாடகைக் கார் எடுத்தேன். இடதுபக்கம் ஓட்டும் ஊர். வண்டி ஓட்டக் கற்றது மதுரையில். அதனால் தாய்வீட்டுக்குப் போகிற மாதிரி இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நடுவில் பன்னிரண்டு வருடம் அமெரிக்காவில் வலதுபக்கம் ஓட்டியதை மறந்துவிட்டேன். கை மறக்கவில்லை.

எட்டு நாளில் சைடு மிரர் இரண்டு முறை உரசியது, ஒரு பஞ்சர், ஒரே ரவுண்டானாவில் மூன்று சுற்று. இவற்றில் வண்டியின் தப்பு என்று எதையும் சொல்ல முடியாது. அந்தத் தீவில் வண்டிக்கு வரும் கோளாறைவிட ஓட்டுகிறவருக்கு வரும் கோளாறுதான் அதிகம். அதனால் பானெட்டுக்குள் இருப்பதைப் பற்றிக் கீழே கொஞ்சமாகத்தான் சொல்லியிருக்கிறேன். உங்களுக்கு எது நடக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம்.

கவுண்டரில் கார்டு வேலை செய்யவில்லை

விமான நிலையத்தில் இறங்கியதும் வரும் முதல் தலைவலி இது. வாடகைப் பணம் ஏற்கெனவே கட்டியிருப்பீர்கள். அவர்கள் கேட்பது முன்பணம். பணத்தை எடுக்க மாட்டார்கள், உங்கள் கார்டில் அந்தத் தொகையை முடக்கி வைப்பார்கள். டெபிட் கார்டையும் பயணக் கார்டையும் பல கம்பெனிகள் இதற்கு ஏற்பதில்லை. கிரெடிட் கார்டுதான் வேண்டும், அதுவும் ஓட்டுகிறவர் பெயரில். மனைவி பெயரில் கார்டும் கணவர் பெயரில் லைசென்ஸும் இருந்தால் அங்கேயே நின்று வாதாட வேண்டியிருக்கும்.

இந்தியாவில் வாங்கிய கார்டு என்றால் முதலில் வங்கிச் செயலியைத் திறந்து வெளிநாட்டுப் பயன்பாடு 'ஆன்' ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். பல கார்டுகளில் அது மூடியே இருக்கும். அடுத்து, கார்டில் மிச்சமிருக்கும் வரம்பு. ஹோட்டலும் இதேபோல ஒரு தொகையை முடக்கியிருந்தால் இரண்டும் சேர்ந்து வரம்பை விழுங்கிவிடும்.

சுற்றுலாப் பயணிகளுக்கென்று தற்காலிக ஓட்டுநர் அனுமதிச் சீட்டு உண்டு. அதைக் கார் கம்பெனியே சில டாலருக்கு எழுதிக் கொடுத்துவிடும். உங்கள் ஊர் லைசென்ஸ் அட்டை கையில் இருந்தால் போதும்.

காப்பீடு பற்றி ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பகுதி இதில் சேருமா? பெரும்பாலும் சேராது. அந்தத் தீவில் முதலில் அடிபடுவதோ இந்த மூன்றும்தான். சாவி கைக்கு வந்ததும் வண்டியைச் சுற்றி வந்து செல்போனில் வீடியோ எடுங்கள். கதவுகளோடு நிறுத்தாமல் நான்கு சக்கரங்களின் ரிம்மையும், முக்கியமாக இடதுபக்க ரிம்களை, குனிந்து எடுங்கள். ஏன் இடதுபக்கம் என்று அடுத்த சாலையிலேயே புரிந்துவிடும்.

சாவி திரும்ப மாட்டேன் என்கிறது, அல்லது பட்டனை அழுத்தினால் வண்டி கிளம்பவில்லை

ஸ்டீயரிங் பூட்டிக்கொண்டிருக்கும். ஸ்டீயரிங்கை இடமும் வலமுமாக லேசாக அசைத்துக்கொண்டே சாவியைத் திருப்புங்கள். பட்டன் வண்டியானால் பிரேக்கை நன்றாக மிதித்திருக்கிறீர்களா, கியர் பார்க்கிங்கில் இருக்கிறதா என்று பாருங்கள். அப்படியும் அசையாவிட்டால் ரிமோட்டின் பேட்டரி தீர்ந்திருக்கலாம். ரிமோட்டையே பட்டனோடு ஒட்டிவைத்து அழுத்திப் பார்க்கலாம். விளக்கும் எரியவில்லை, ஹாரனும் அடிக்கவில்லை என்றால் வண்டியின் பேட்டரிதான். கம்பெனியைக் கூப்பிடுங்கள், நீங்களாக வயர் மாட்டப் போகாதீர்கள்.

இண்டிகேட்டர் போட்டால் வைப்பர் ஆடுகிறது

வெயில் கொளுத்தும்போது ஒரு வண்டி வைப்பரை ஆட்டிக்கொண்டு திரும்பினால், வெளிநாட்டுக்காரர் ஓட்டுகிறார் என்று அங்கே எல்லோருக்கும் தெரிந்துவிடும். அமெரிக்க வண்டியில் இண்டிகேட்டர் இடக்கையில். பார்படாஸில் கிடைப்பவை பெரும்பாலும் ஜப்பானிய வண்டிகள், அவற்றில் வலக்கையில். நம் ஊர் மாருதி ஓட்டிப் பழகியவர்களுக்குச் சிக்கலே இல்லை.

இதைச் சரிசெய்ய வழி தேடாதீர்கள். இரண்டு நாளில் தானாகப் போய்விடும். வைப்பர் ஆடியதைப் பார்த்துப் பதறி, திருப்பத்தின் நடுவில் குனிந்து நெம்புகோலைத் தேடுவதுதான் ஆபத்து. ஆடிவிட்டுப் போகட்டும், திரும்பி முடித்த பிறகு அணையுங்கள்.

இடதுபக்கம் எல்லாம் உரசுகிறது

மிரர் செடியில் அடிக்கிறது, டயர் நடைபாதைத் திண்டில் தேய்கிறது, பக்கத்தில் இருப்பவர் "ஐயோ, ஐயோ" என்று கதவைவிட்டு நகர்ந்து உட்கார்கிறார். வலதுபக்கம் ஓட்டும் ஊரிலிருந்து வருகிற எல்லோருக்கும் வரும் வியாதி இது. வருடக்கணக்காக நாம் வண்டியின் இடதுபக்கம் உட்கார்ந்து ஓட்டியிருக்கிறோம். நம் உடம்புக்கு இடது ஓரம் பக்கத்தில் இருந்து பழக்கம். இப்போது வலது இருக்கையில் உட்கார்ந்துகொண்டும் உடம்பு அதே இடத்தைத் தேடுகிறது. அதனால் வண்டி முழுவதும் இடதுபுறம் சாய்ந்து போகிறது. நமக்குத் தெரியாது, பக்கத்தில் இருப்பவருக்குத்தான் தெரியும்.

செய்ய வேண்டியது இதுதான்: ஓட்டுகிறவர் எப்போதும் சாலையின் நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். வலது முழங்கால் நடுக்கோட்டை ஒட்டிப் போகிற மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். பார்வையைப் பக்கத்தில் வைக்காமல் தூரத்தில் வையுங்கள். திருப்பங்களுக்கு ஒரு வாய்ப்பாடு உண்டு: இடது சின்னது, வலது பெரியது. பிள்ளைகளைப் பின்னால் உட்காரவைத்து ஒவ்வொரு திருப்பத்திலும் இதைச் சொல்லச் சொன்னேன். மூன்றாம் நாள் எனக்கு அலுத்துவிட்டது, அவர்களுக்கு அலுக்கவில்லை.

இதில் தீவின் பங்கும் இருக்கிறது. கிராமத்துச் சாலைகளில் ஓரம் என்ற ஒன்றே கிடையாது. தார் முடிகிற இடத்தில் மதில் நிற்கும், அல்லது கான்கிரீட் வாய்க்கால் ஓடும். கரும்பு வளர்ந்திருக்கும் மாதங்களில் இரண்டு பக்கமும் பச்சைச் சுவர்தான், வளைவுக்கு அப்பால் என்ன வருகிறதென்று தெரியாது. எதிரே பஸ் வந்தால் வீராப்புக் காட்டாமல் அகலமான இடமாகப் பார்த்து நின்றுவிடுங்கள். அங்கே அதை யாரும் கௌரவக் குறைச்சலாக நினைப்பதில்லை.

இன்னொன்று: மாலை ஐந்தரையிலிருந்து ஆறரைக்குள் இருட்டிவிடும், வருடம் முழுக்க அப்படித்தான். உட்பகுதிச் சாலைகளில் விளக்கு குறைவு, நடந்து போகிறவர்கள் உண்டு. ஓரத்தைத் தேய்க்கும் பழக்கம் போகும்வரை இரவில் ஓட்ட வேண்டாம்.

ரவுண்டானாவிலிருந்து வெளியே வர முடியவில்லை

விமான நிலையப் பக்கமிருந்து தலைநகர் பிரிட்ஜ்டவுனைச் சுற்றிக்கொண்டு மேற்கே போகும் பெரிய சாலைக்கு ஏபிசி நெடுஞ்சாலை என்று பெயர். ஆடம்ஸ், பாரோ, கம்மின்ஸ் என்ற மூன்று பழைய அரசியல் தலைவர்களின் முதலெழுத்துகள். அதன் நெடுகிலும் ரவுண்டானாக்கள். ஒன்றைக் கடந்து மூச்சுவிடுவதற்குள் அடுத்தது வந்துவிடும்.

சட்டம் எளிது: ஏற்கெனவே உள்ளே சுற்றிக்கொண்டிருப்பவருக்கு, அதாவது உங்கள் வலதுபக்கமிருந்து வருகிறவருக்கு, வழிவிட வேண்டும். கடிகாரம் சுற்றும் திசையில் போக வேண்டும். இடப்பக்கம் திரும்பவும் நேரே போகவும் இடது தடம். வலப்பக்கம் போக, அல்லது வந்த வழியே திரும்ப, வலது தடம். வெளியேறும் வழி வருவதற்குச் சற்று முன்னால் இடது இண்டிகேட்டர். வைப்பர் அல்ல.

வெளியேறும் வழியைத் தவறவிட்டால் உள்ளே நிற்காதீர்கள், தடத்தை வெடுக்கென்று மாற்றாதீர்கள். இன்னொரு சுற்று போங்கள். காசா, பணமா? நான் மூன்று சுற்று போனது பழைய கிரிக்கெட் வீரர் எவர்ட்டன் வீக்ஸ் பெயரிலான ரவுண்டானாவில். கிரிக்கெட் தெரிந்தவர்களுக்கு இந்தச் சாலை ஒரு மைதானம் மாதிரி: ஃபிராங்க் வொரெல், கிளைட் வால்காட் பெயர்களிலும் ரவுண்டானாக்கள் உண்டு, சோபர்ஸ் பெயரிலும் ஒன்று உண்டு. வொரெல், வீக்ஸ், வால்காட் மூவரும் 1924க்கும் 1926க்கும் இடையில், ஒன்றரை வருடத்துக்குள், கென்சிங்டன் ஓவல் மைதானத்தின் சுற்றுவட்டாரத்திலேயே பிறந்தவர்கள். அடுத்தடுத்து ஐந்து டெஸ்ட் இன்னிங்ஸில் சதமடித்த வீக்ஸ், ஆறாவதைத் தவறவிட்டது நம் சேப்பாக்கத்தில்தான். 1949 ஜனவரி, 90 ரன், ரன் அவுட். மூன்றாவது சுற்றில் இதைத்தான் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். "அவர் ஓடி அவுட் ஆனார், நீங்கள் ஓடிக்கொண்டே இருக்கிறீர்கள்" என்றாள்.

காலையில் ஏழு மணியிலிருந்து எட்டரை வரையும், மாலையில் நாலிலிருந்து ஐந்தரை வரையும் இந்தச் சாலை நகராது. விமானத்தைப் பிடிக்க வேண்டிய நாளில் இதை மனதில் வையுங்கள்.

எதிரே வருகிறவர் ஹெட்லைட் அடிக்கிறார், ஹாரன் அடிக்கிறார்

இங்கே ஏமாந்துவிட வேண்டாம். நம் ஊரில் எதிரே வருகிறவர் லைட் அடித்தால் "நான் வருகிறேன், ஒதுங்கு" என்று அர்த்தம். பார்படாஸில் அதே விளக்கு "நீ முதலில் போ" என்கிறது. குறுகிய பாலத்தின் இரண்டு முனையிலும் இரண்டு பேர் நிற்கிறோம். அவர் லைட் அடிக்கிறார். நான் மரியாதையாகப் பின்வாங்குகிறேன். அவர் மறுபடி அடிக்கிறார். நான் இன்னும் பின்வாங்குகிறேன். கடைசியில் அவர் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி வா வா என்று கூப்பிட்ட பிறகுதான் புரிந்தது. இதைவிட மோசம் தலைகீழ் நிலைமை: நம் ஊர்ப் பழக்கத்தில் நீங்கள் லைட் அடித்தால், வழிவிட்டுவிட்டீர்கள் என்று நினைத்து எதிரே இருப்பவர் தைரியமாகக் குறுக்கே வந்துவிடுவார். அதனால் நீங்கள் போகப் போகிறீர்கள் என்றால் லைட் பக்கம் கையைக் கொண்டுபோகவே வேண்டாம். அவர் அடித்தாலும் சாலை காலியா என்று ஒருமுறை பார்த்துவிட்டுப் போங்கள்.

ஹாரனும் அப்படித்தான். குட்டியாக ஒரு 'பீப்' என்றால் நன்றி, அல்லது தெரிந்தவருக்கு வணக்கம். உங்களைத் திட்டுகிறார் என்று நினைத்து முறைக்காதீர்கள். நீங்களும் ஒரு குட்டி ஹாரன் அடித்துக் கையைத் தூக்கலாம். வாடகை வண்டிகளின் நம்பர் பிளேட் 'எச்' எழுத்தில் தொடங்குவதால் நீங்கள் வெளியூர் என்பது ஏற்கெனவே தெரியும், பெரும்பாலும் பொறுத்துக்கொள்கிறார்கள்.

முன்னால் போகும் வெள்ளை வேன் சொல்லாமல் நிற்கிறது

சிவப்புக் கோடு போட்ட வெள்ளை வேன், உள்ளே பாட்டு அதிரும், பிளேட்டில் 'இசட் ஆர்'. நம் ஷேர் ஆட்டோவின் அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆள் கை காட்டும் இடமெல்லாம் நிற்கும். இடைவெளி விட்டுப் போங்கள், வளைவில் முந்தாதீர்கள். உங்கள் வண்டி படுத்துவிட்டால் ஊர் போய்ச் சேர இதுவே வசதி.

வழி தவறிவிட்டது

நெட்வொர்க் இருக்கும், வரைபடமும் இருக்கும். சிக்கல் என்னவென்றால், இரண்டு நிமிடம் மிச்சம் என்று அந்த வரைபடம் கரும்புக் காட்டுக்குள் போகும் வண்டிப் பாதையைக் காட்டும். தார் முடிந்து நடுவில் புல் முளைத்திருக்கும் பாதை தெரிந்தால் உள்ளே போகாதீர்கள். நல்ல சாலையை விட்டு இறங்கியதால் வரும் சேதத்துக்குக் காப்பீடு பொறுப்பேற்காது என்று ஒப்பந்தத்தில் எங்காவது எழுதியிருக்கும்.

போன் செத்துவிட்டாலும் பயமில்லை. தீவின் பஸ் நிறுத்தங்களே திசைகாட்டி. கம்பத்தில் வட்டப் பலகை இருக்கும். சாலையின் ஒரு பக்கத்துப் பலகையில் 'டு சிட்டி', எதிர்ப்பக்கத்துப் பலகையில் 'அவுட் ஆஃப் சிட்டி'. சிட்டி என்றால் பிரிட்ஜ்டவுன். 'டு சிட்டி' பலகை உங்கள் இடதுகைப்பக்கம் வந்துகொண்டிருந்தால் தலைநகரை நோக்கிப் போகிறீர்கள் என்று அர்த்தம். அங்கிருந்து எல்லா நெடுஞ்சாலைக்கும் வழி உண்டு. நான் பார்த்ததிலேயே எளிமையான வழிகாட்டும் ஏற்பாடு இதுதான்.

வழி கேட்கலாம், தாராளமாகச் சொல்வார்கள். ஆனால் ஜன்னலை இறக்கியதும் "பாத்ஷீபா எந்தப் பக்கம்?" என்று ஆரம்பிக்காதீர்கள். முதலில் 'குட் மார்னிங்', அப்புறம் கேள்வி. வணக்கம் சொல்லாமல் கேட்பது அங்கே மரியாதைக் குறைவு. பதிலில் சாலை எண்ணெல்லாம் வராது. இந்த ரம் கடை, அந்தச் சர்ச் என்றுதான் வரும். தேநீர்க்கடையை அடையாளம் சொல்லும் ஊரிலிருந்து வந்தவர்களுக்கு இது புதிதல்ல.

மேற்குக் கடற்கரையோரம் போகும் 1ஆம் எண் நெடுஞ்சாலை நெரிசலாக இருந்தால், அதற்கு இணையாக உள்ளே போகும் '2ஏ' நெடுஞ்சாலையில் ஏறிவிடுங்கள். கடல் தெரியாது, சீக்கிரம் போய்விடலாம்.

கண்ணாடி மங்கிப்போய் எதுவும் தெரியவில்லை

விரலால் உள்பக்கம் தொட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தால் உள்ளே இருக்கும் மூச்சுக்காற்றும் நனைந்த துணியும் காரணம்: ஏசியைப் போட்டு, காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்பி, வெளிக்காற்று உள்ளே வரும் நிலையில் வையுங்கள். உள்பக்கம் உலர்ந்திருந்தால் மங்கல் வெளியே. ஏசியால் சில்லிட்ட கண்ணாடியில் கடற்காற்றின் ஈரம் படிகிறது. அப்போது ஏசியைக் கூட்டினால் இன்னும் மோசமாகும். வைப்பரைப் போட்டு, குளிரைக் குறைத்து, காற்றைக் காலுக்குத் திருப்புங்கள்.

வண்டிக்கு அடியில் சொட்டும் தண்ணீரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், ஏசி நீர்தான். நிறமோ பிசுபிசுப்போ இருந்தால் மட்டும் கம்பெனிக்குச் சொல்லுங்கள்.

'டொம்' என்று ஒரு சத்தம், பிறகு வண்டி ஒருபக்கம் இழுக்கிறது

குழி. ஜூன் முதல் நவம்பர் வரை மழைக்காலம். குழியில் தண்ணீர் நின்றால் ஆழம் தெரியாது. பள்ளிக்கூட மைதானமோ கடை வாசலோ, சமமான இடமாகப் பார்த்து மெதுவாக ஒதுக்கி, எச்சரிக்கை விளக்கைப் போட்டுவிட்டு இறங்கிப் பாருங்கள். டயரை நீங்களே மாற்றலாமா என்று முதலில் கம்பெனியைக் கேளுங்கள். சில ஒப்பந்தங்களில் அதற்கும் தடை உண்டு.

எனக்குப் பஞ்சரானபோது ஜாக்கி இருந்தது, ஸ்பானர் இருந்தது, ஸ்டெப்னியில் மட்டும் காற்று இல்லை. வண்டி எடுக்கும்போது ஸ்டெப்னியை ஒரு குத்துக் குத்திப் பார்த்திருந்தால் அந்த இரண்டு மணி நேரம் கடலில் இருந்திருப்போம். ஒல்லியான தற்காலிக ஸ்டெப்னி மாட்டியிருந்தால் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக் கூடாது. ஏபிசி சாலையிலேயே 80தான் உச்சம், மற்ற இடங்களில் பெரும்பாலும் 60, ஆகவே அது பெரிய இழப்பில்லை.

இறக்கத்தில் கருகிய வாடை

தீவின் உச்சியே சுமார் 340 மீட்டர்தான். ஆனால் வடகிழக்கில் ஸ்காட்லாந்து மாவட்டம் என்று சொல்லும் பகுதியில் சாலை செங்குத்தாகக் கடலுக்கு இறங்கும். பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டே இறங்கினால் வாடை வரும். ஆட்டோமேட்டிக் வண்டியானாலும் 'எல்' அல்லது '2' நிலைக்கு மாற்றிவிட்டு இறங்குங்கள். ஏற்கெனவே கருகியிருந்தால் நிறுத்தி அரைமணி ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம். நிறுத்துவதற்கு செர்ரி ட்ரீ ஹில் நல்ல இடம். பெயரில்தான் செர்ரி, நிற்பவை மஹோகனி மரங்கள். கிழக்குக் கரை முழுவதும் கீழே விரியும்.

அந்தப் பக்கம் போவதற்கு முன்பே பெட்ரோல் போட்டுவிடுங்கள். கிழக்கே பங்க் குறைவு. விலையை அரசாங்கம் நிர்ணயிப்பதால் மலிவான பங்க் தேடி அலைய வேண்டியதில்லை. ஊழியரே போட்டுவிடுவார்.

வண்டி ஜப்பானிய மொழியில் பேசுகிறது

ஜப்பானில் ஓடிவிட்டு வந்த வண்டி. கிளம்பும்போதெல்லாம் ஒரு பெண் குரல் கவலையோடு ஏதோ சொல்லும். பயப்படாதீர்கள், சுங்கச்சாவடி அட்டை செருகவில்லை என்கிறது. பார்படாஸில் சுங்கச்சாவடியே கிடையாது. ரேடியோவில் நிறைய நிலையங்கள் கிடைக்காததற்கும் இதுவே காரணம்: ஜப்பானியப் பண்பலை வேறு அலைவரிசையில், 76லிருந்து தொடங்குகிறது.

கடற்கரை மரத்தடியில் நிறுத்திய பிறகு தோல் எரிகிறது

மான்சினீல் மரம். குட்டி ஆப்பிள் மாதிரி பச்சைக் காய், சிலவற்றின் அடிமரத்தில் சிவப்புப் பட்டை பூசியிருப்பார்கள். பால் பட்டால் கொப்புளம் வரும். மழையில் அதன் இலையிலிருந்து சொட்டும் நீரும் எரிக்கும். சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டாலோ காயை வாயில் வைத்திருந்தாலோ உடனே மருத்துவமனை. வண்டிமேல் சொட்டியிருந்தால் அதையும் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள்.

இடித்துவிட்டது

யாருக்காவது அடி என்றால் முதலில் ஆம்புலன்ஸ், 511. போலீஸுக்கு 211, தீயணைப்புக்கு 311. பிறகு கம்பெனி. அவர்கள் சொல்லும்வரை வண்டியை நகர்த்தாதீர்கள், நகர்த்தினால் காப்பீட்டில் வில்லங்கம் வரலாம். நகர்த்தியே ஆக வேண்டுமென்றால் முதலில் நான்கு பக்கமிருந்தும் படம் எடுங்கள். எதிர்ப்பக்கத்தாரிடம் குரல் உயர்த்தாமல் பெயரும் வண்டி எண்ணும் வாங்கிக்கொள்ளுங்கள். "பரவாயில்லை, நாமே பேசி முடித்துக்கொள்வோம்" என்று ரொக்கம் கொடுத்துவிட்டால் பிறகு உங்களிடம் எந்தக் காகிதமும் இருக்காது.

வண்டியைத் திருப்பிக் கொடுத்தும் முன்பணம் வரவில்லை

முடக்கிய தொகை விடுபட ஒன்றிரண்டு வாரம் ஆகும், அதற்குள் புலம்ப வேண்டாம். திருப்பிக் கொடுக்கும்போது பெட்ரோல் முள்ளும் கிலோமீட்டரும் தெரிகிற மாதிரி டேஷ்போர்டைப் படமெடுத்து, சேதம் இல்லை என்று கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள். எந்த நாணயத்தில் கணக்கிட வேண்டும் என்று கார்டு இயந்திரம் கேட்டால் பார்படாஸ் டாலரைச் சொல்லுங்கள். இரண்டு பார்படாஸ் டாலர் ஒரு அமெரிக்க டாலர். 1975லிருந்து அதே விகிதம், சரிபார்ப்பது சுலபம்.

எனக்கு மூன்றாம் வாரம் ஒரு மின்னஞ்சல் வந்தது: முன்பக்க இடது ரிம்மில் கீறல், 120 டாலர் தரவும். இடதுபக்கம் நான் செய்த அட்டூழியங்களை நினைத்து முதலில் பணத்தைக் கட்டிவிடலாம் என்றுதான் தோன்றியது. பிறகு முதல் நாள் வீடியோவை எடுத்துப் பார்த்தேன். கீறல் அதிலேயே இருந்தது, எனக்கு முன்னால் வந்த யாரோ ஒருவருடையது. அந்த இடத்தை நிறுத்திப் படமாக்கி அனுப்பினேன். பதில் வரவில்லை, கார்டிலும் எதையும் பிடிக்கவில்லை.